எருமைக்கு மருந்து கெட்டிக்கத் தெரியாது

1

செய்தித்தாளில் மான் வேட்டைக்கு எப்போதும் நாலு வரிதான். இரவு ரோந்து, சந்தேகப்படும்படி நின்ற இருவர், ஒரு நாட்டுத் துப்பாக்கி, கொஞ்சம் கருமருந்து, பால்ரஸ் குண்டுகள், இத்தனை கிலோ மான் கறி. கைது, பறிமுதல், சிறையில் அடைப்பு. கூடவே ஒரு போட்டோ: பொருட்கள் தரையில் பரப்பி வைக்கப்பட்டிருக்கும், பின்னால் சீருடைகள் நிற்கும், முன்னால் அந்த இரண்டு பேர் குத்தவைத்து உட்கார்ந்திருப்பார்கள். மாவட்டமும் ஊரும் மட்டும் மாறும். மற்றபடி வாக்கியங்கள் அப்படியேதான்.

இன்னொரு பக்கம், அதே மானைக் கொன்ற வேறு மனிதர்களுக்கு முழுப் புத்தகங்கள் இருக்கின்றன. காட்டின் விடியலைப் பற்றிப் பத்தி பத்தியாக எழுதியிருக்கிறார்கள். சுட்டுவிட்டு வருந்தியிருக்கிறார்கள். சுடாமல் விட்ட கணத்தை வாழ்நாள் முழுக்க நினைவில் வைத்திருக்கிறார்கள். நாம் அதைப் படித்து நெகிழ்கிறோம், நண்பருக்கு சிபாரிசு செய்கிறோம்.

இந்த இரண்டு வகை எழுத்துக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசம் மானில் இல்லை. துப்பாக்கியில் இருக்கிறது. ரைபிள் வைத்திருப்பவனுக்கு மனசாட்சி உண்டு என்று இலக்கியம் முன்கூட்டியே நம்பிவிடுகிறது. நாட்டுத் துப்பாக்கி வைத்திருப்பவனுக்கு வயிறு மட்டும்தான் என்றும், அல்லது பேராசை மட்டும்தான் என்றும் அதே இலக்கியம் நம்புகிறது. இந்தக் கட்டுரை அந்த நம்பிக்கையைப் பற்றியது. அதை ஏறக்குறைய உடைத்துவிட்டு, கடைசி அடியில் பின்வாங்கிய ஒரு நாவலைப் பற்றியும்.

2

முதலில் கருவி. விமர்சனக் கட்டுரையில் எதற்கு இது என்று கேட்கலாம். கருவி எப்படி வேலை செய்கிறது என்று தெரியாமல் வேட்டைக் கதையைப் படிப்பது, பந்துக்கு எத்தனை தையல் என்று தெரியாமல் கிரிக்கெட் பார்ப்பது மாதிரி இல்லை. எல்பிடபிள்யூ என்றால் என்னவென்றே தெரியாமல் பார்ப்பது மாதிரி. தீர்ப்பு சொல்லவே முடியாது.

நாட்டுத் துப்பாக்கிக்குப் பின்னால் திறப்பு கிடையாது. எல்லாம் வாய் வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். முதலில் மருந்து, அதன் மேல் ஒரு அடைப்பு, பிறகு ஈயமோ இரும்போ, மறுபடி ஒரு அடைப்பு. ஒவ்வொன்றையும் நீளக் கம்பியால் இடித்துக் கெட்டிக்க வேண்டும். கடைசியில் தீபாவளிக்கு வாங்குகிற கேப்பு போல ஒன்றை வெளியே பொருத்த வேண்டும். ஈழத்தில் இதற்கு 'இடியன் துவக்கு' என்று பெயர். குண்டு இடி மாதிரி விழுவதால் வந்த பெயரில்லை. மருந்தை இடித்து நிரப்புவதால் வந்தது. நம்மூர்ப் பெயர் அது எங்கே செய்யப்பட்டது என்பதைச் சொல்கிறது. ஈழத்துப் பெயர் அதை வைத்திருப்பவன் என்ன செய்ய வேண்டியிருக்கிறது என்பதைச் சொல்கிறது. எனக்கு இரண்டாவதுதான் பிடித்திருக்கிறது.

மீஞ்சூரில் மான் கிடையாது. அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகளும் காட்டுப்பள்ளி துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளும்தான் எங்கள் வனம். பழவேற்காடு ஏரிக்கு அந்தப் பக்கம், ஸ்ரீஹரிகோட்டாவில், ராக்கெட் தளத்தைச் சுற்றியுள்ள காட்டில் புள்ளிமான்கள் உண்டு. ஆனால் இந்தத் துப்பாக்கியைப் பற்றி எனக்குச் சொன்னவர் இங்கே, ஸ்டேஷனுக்கு வெளியே பாசிமணி விற்கிற ஒரு நரிக்குறவர் பெரியவர். கும்மிடிப்பூண்டி ரயில் தாமதமான ஒரு மாலையில் பேச்சுக் கொடுத்தேன்.

"மானெல்லாம் நாங்க போனதில்ல சாமி. கொக்கு, காடை, எப்பவாச்சும் முயலு. ஒரு வெடி போட்டா அவ்ளோதான். புகை அடங்குறதுக்குள்ள எல்லாம் பறந்துடும். திரும்ப இடிச்சு முடிக்கிறப்போ நீங்களும் நானும்தான் இருப்போம்."

"அப்போ தப்பிப்போச்சுன்னா ஐயா?"

"வீட்டுக்குப் போவணும்."

அவர் சொன்னதுதான் இந்தக் கருவியின் இலக்கணம். கருமருந்து எரிந்தால் வெள்ளைப் புகை கண்ணை மறைக்கும். சுட்டவனுக்கே என்ன ஆயிற்று என்று சில நொடிகள் தெரியாது. அடுத்த குண்டுக்கு, பழகிய கைக்கே அரை நிமிடம், ஒரு நிமிடம் ஆகும். மழைக்காலத்தில் மருந்து நமத்துப்போகும். தூரத்தில் இருக்கும் மானுக்கு இது ஒன்றும் செய்யாது. ஆகவே மிருகத்தின் வழியைப் படித்து, காற்று எந்தப் பக்கம் என்று பார்த்து, தண்ணீர்க்கரையில் இரவெல்லாம் அசையாமல் உட்கார்ந்து, கிட்டே வரும்வரை காத்திருக்க வேண்டும். ரீ-ட்ரை கிடையாது. முதல் முயற்சியே புரொடக்‌ஷன்.

இதே வாய்வழி நிரப்பும் முறையில் கைத்துப்பாக்கியும் உண்டு. குழாய் குட்டை என்பதால் வேகம் குறைவு, குறி தவற வாய்ப்பு அதிகம். அதை வைத்து மானை அடிக்க நினைப்பவர் இன்னும் கிட்டே போயாக வேண்டும். அமெரிக்காவில் சில மாநிலங்களில் இதைச் சட்டப்படியே செய்கிறார்கள். பழைய வகைத் துப்பாக்கிகளுக்கென்று தனி வேட்டைப் பருவங்கள் அங்கே உண்டு. பென்சில்வேனியாவில் 1974 முதல் சக்கிமுக்கிக் கல்லால் தீப்பொறி எழுப்பும் துப்பாக்கிக்கு மட்டும் ஒரு பருவம் ஒதுக்கியிருக்கிறார்கள். வீட்டில் நவீன ரைபிள் இருக்கும். அதை வைத்துவிட்டு, 'மானுக்கும் ஒரு வாய்ப்பு வேண்டும்' என்று ஒற்றைக் குண்டோடு போவார்கள். அந்த மெதுவான தன்மை அவர்களுக்கு ஓர் ஒழுக்கம். விலை கொடுத்து வாங்கிய ஒழுக்கம்.

நம் சட்டமும் இந்தத் துப்பாக்கியை ஒரு காலத்தில் வேறு விதமாகப் பார்த்திருக்கிறது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 13ஆவது பிரிவு, உண்மையாகவே பயிரைக் காக்கத்தான் என்றால் வாய்வழி நிரப்பும் துப்பாக்கிக்கு உரிமம் தர வேண்டும் என்கிறது. அது போதாது என்று அதிகாரிக்குத் தோன்றினால் வேறு துப்பாக்கி தரலாம் என்று ஒரு விதிவிலக்கும் இருக்கிறது. அதாவது, இது பலவீனமான கருவி என்று சட்டமே ஒத்துக்கொள்கிறது. தற்காப்புக்கோ விளையாட்டுக்கோ தருகிற துப்பாக்கிக்குக் குழாய் 20 அங்குலத்துக்குக் குறையக் கூடாது என்ற வரம்பும் அதே பிரிவில்தான். கைத்துப்பாக்கி அந்த வாசலில் நுழைய முடியாது.

ஆக, சட்டத்தின் கண்ணில் இந்தத் துப்பாக்கிக்காரன் ஒரு விவசாயி. செய்தித்தாளின் கண்ணில் கடத்தல்காரன். அமெரிக்காவில் ரசிகன். ஒரே கருவி.

3

இப்போது புத்தகங்களுக்கு வருவோம். வேட்டை இலக்கியம் என்றதும் நம் தலைமுறை வாசகர்களுக்கு இரண்டு பேர்தான் ஞாபகம் வருவார்கள். ஜிம் கார்பெட், கென்னத் ஆண்டர்சன்.

கார்பெட்டின் 'ஜங்கிள் லோர்' 1953இல் வந்தது. அதில் சிறுவன் கார்பெட்டுக்குக் கிடைக்கும் முதல் துப்பாக்கி, வாய்வழி நிரப்பும் ஒரு பழைய இரட்டைக் குழல். ஒரு குழல் வெடித்துப்போனது. உடைந்த கட்டையைப் பித்தளைக் கம்பியால் சுற்றிக் கட்டியிருக்கும். அந்தப் பகுதியைப் படிப்பவர் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். அத்தனை பிரியத்தோடு எழுதப்பட்டது. மருந்து வீணாகாமல் இருக்கக் கிட்டே போகக் கற்றுக்கொண்டது, காட்டின் மொழியைக் கேட்கப் பழகியது எல்லாம் அந்த ஓட்டைத் துப்பாக்கியிலிருந்து வந்த பாடங்கள். கார்பெட்டை கார்பெட் ஆக்கியதில் அதற்கு ஒரு பங்கு இருக்கிறது.

இப்போது அதே துப்பாக்கியை குமாயுன் கிராமத்தான் ஒருவன் கையில் கொடுத்துப் பாருங்கள். சம்பாவத் பெண்புலி மனிதர்களைத் தின்னத் தொடங்கியதற்குக் காரணம், எப்போதோ பட்ட துப்பாக்கிக் காயத்தில் அதன் கோரைப்பற்கள் உடைந்திருந்ததுதான் என்று கார்பெட் சொல்கிறார். உண்மையாகவே இருக்கும். காயம்பட்ட மிருகம் காட்டுக்குள் போய் வாரக்கணக்கில் அழுகிச் சாவதும், சாகாமல் திரும்பி வருவதும் நிஜம். பலவீனமான துப்பாக்கி அதை அதிகமாக்கும். இதில் மென்மைப்படுத்த ஒன்றுமில்லை. நான் கவனிப்பது வேறு. கதையில் அந்தச் சுட்டவனுக்குப் பெயரே இல்லை. அவன் ஒரு காயத்தின் காரணம், அவ்வளவுதான். பித்தளைக் கம்பி சுற்றிய துப்பாக்கியால் கார்பெட் கற்றுக்கொண்டதை அவனும் கற்றிருப்பான் என்ற யோசனைக்கு அங்கே இடமில்லை.

ஆண்டர்சன் நமக்கு இன்னும் பக்கம். பெங்களூர்க்காரர், விமானத் தொழிற்சாலையில் வேலை. லீவு கிடைத்தால் பழைய சேலம் மாவட்டத்துக் காடுகள்: பென்னாகரம், அஞ்செட்டி, சின்னாறு. கையில் 405 வின்செஸ்டர். நெம்பினால் அடுத்த குண்டு தயார். அவர் கதைகளில் வரும் பைரா என்ற பூசாரி இனத்து மனிதர்தான் எனக்கு முக்கியம். பைரா கள்ள வேட்டைக்காரராகத்தான் அறிமுகமாகிறார். ஆற்றோரம் மிருகத்துக்காக ஒளிந்து காத்திருப்பவர், கையில் ஓட்டைத் துப்பாக்கி. ஆண்டர்சன் அவரைக் காட்டிக்கொடுக்காமல் நண்பராக்கிக்கொள்கிறார். பிறகு பல கதைகளில் தடம் பார்ப்பது பைராதான், சத்தத்தை வைத்து மிருகத்தைச் சொல்வதும் பைராதான்.

ஆண்டர்சனுக்கு பைரா மேல் இருந்த அன்பு பொய்யில்லை. நம் மாநிலத்துக் காடுகளில் அலைந்த வெள்ளைக்காரர்களில் அவர் அளவுக்கு உள்ளூர் ஆட்களைப் பெயர் சொல்லி எழுதியவர்கள் குறைவு. ஆனால் வாசிக்கும்போது ஒன்று உறுத்துகிறது. பைராவின் அறிவு பக்கம் பக்கமாக வருகிறது, தயக்கம் வருவதில்லை. புலியின் மேல் குறிவைத்தபடி ஆண்டர்சன் யோசிப்பது நமக்குத் தெரியும். அந்தக் குழிக்குள் விடிய விடிய உட்கார்ந்திருந்த பைரா என்ன யோசித்தார்? மான் தண்ணீருக்குக் குனிந்தபோது ஒரு கணம் விசையிலிருந்து விரல் விலகியதா? கேட்க யாருக்கும் தோன்றவில்லை. அவருக்குத் திறமையைக் கொடுத்தார்கள், மனசைக் கொடுக்கவில்லை.

இதற்கு ஒரு சட்டப் பின்னணியும் இருக்கிறது. நீலகிரியில் வேட்டைப் பிரியர்கள் 1877இல் ஒரு சங்கம் வைத்தார்கள். இரண்டே ஆண்டில், 1879இல், நீலகிரி வேட்டை விலங்கு மற்றும் மீன் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பருவம், உரிமம், கட்டணம் எல்லாம் அதன் வழியாக வந்தன. அதற்கு முந்தைய ஆண்டு, 1878இல் வந்த ஆயுதச் சட்டத்தின் கீழ் இந்தியர்களுக்கு உரிமம் கட்டாயம், ஐரோப்பியர்களுக்கு விலக்கு. சுதந்திரத்துக்குப் பின் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்திலும் புள்ளிமான் முதலில் 'பெரிய வேட்டை விலங்கு' என்ற பட்டியலில்தான் இருந்தது. உரிமம் வாங்கினால் சுடலாம். 1991 திருத்தம்தான் அந்த வாசலை மூடியது. அதாவது ரொம்ப காலத்துக்கு, மானைக் கொல்வது குற்றமாக இருக்கவில்லை. காகிதம் இல்லாமல் கொல்வதுதான் குற்றம். காகிதம் வைத்திருந்தவர்கள்தான் புத்தகமும் எழுதினார்கள்.

நம் பழைய கதைகளும் இந்த விஷயத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. பாண்டு மானை அடித்தான், தசரதன் சத்தத்தை வைத்து அம்பு விட்டான், ராமன் பொன்மான் பின்னால் போனான். மன்னர்களின் குறி தவறினாலும் சரி, தப்பாகப் பட்டாலும் சரி, ஒரு காவியமே பிறக்கும். வேடனுக்கு? இங்கிருந்து சில மணி நேரத்தில் போய்விடக்கூடிய காளஹஸ்தியில்தான் திண்ணன் இருந்தார். அவருடைய கறிப்படையலுக்கு அர்த்தம் கிடைக்க அவர் கண்ணைப் பிடுங்கி வைக்க வேண்டியிருந்தது.

4

சினிமாவைச் சீக்கிரம் கடந்துவிடலாம். 1964 பொங்கலுக்கு தேவர் பிலிம்ஸ் 'வேட்டைக்காரன்' வந்தது. எம்.ஜி.ஆர். கௌபாய்த் தொப்பியோடு வருகிறார். அந்தத் தொப்பி ஒன்றே போதும், இந்த வேட்டைக்காரன் எந்த வர்க்கம் என்று சொல்ல. அறுபது வருஷம் கழித்து, 2024 அக்டோபரில், த.செ. ஞானவேலின் 'வேட்டையன்'. இப்போது வேட்டைக்காரன் என்கவுன்டர் போலீஸ். படம் என்கவுன்டரைக் கேள்வி கேட்கிறது, அது நல்ல விஷயம். ஆனாலும் சொல் எங்கே நகர்ந்திருக்கிறது பாருங்கள். காட்டிலிருந்து காவல் நிலையத்துக்கு.

தமிழ் சினிமாத் துப்பாக்கிகளை யாரும் நிரப்புவதில்லை என்பதையும் கவனித்திருப்பீர்கள். குண்டு தீர்வது வில்லனுக்கு மட்டும், அதுவும் கிளைமாக்ஸில். துப்பாக்கி என்றாலே நம் மனதில் வேகம் என்று பதிந்துவிட்டது. ஒரு நிமிடம் எடுத்துக்கொண்டு இடித்து நிரப்ப வேண்டிய துப்பாக்கியைத் திரையில் காட்டினால் நாம் என்ன செய்வோம்? அந்த ஒரு நிமிடம் முழுக்க அந்த மனிதனின் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும். அதைத்தான் நாம் தவிர்த்துக்கொண்டே வந்திருக்கிறோம்.

5

அந்த முகத்தைப் பார்த்த நாவல் ஒன்று இருக்கிறது. லெனார்ட் வுல்ஃப் எழுதிய 'தி வில்லேஜ் இன் த ஜங்கிள்', 1913. வர்ஜீனியா வுல்ஃபின் கணவர் என்றுதான் நம்மில் பலருக்குத் தெரியும். அதற்கு முன்னால் அவர் இலங்கையில் ஆங்கிலேய அரசு அதிகாரி. 1904இல் வந்தார். முதலில் யாழ்ப்பாணம், தமிழ் படித்தார். பிறகு கண்டி. 1908 முதல் 1911 வரை தெற்கே ஹம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபர். வரி வசூல், வழக்கு விசாரணை, வேட்டை விதிகள் எல்லாம் அவர் மேஜைக்கு வந்தன. பக்கத்திலேயே யால. அங்கே ஒரு பகுதி சரணாலயம். இன்னொரு பகுதி உரிமம் உள்ள 'விளையாட்டு வேட்டைக்காரர்களுக்கு' என்று ஒதுக்கப்பட்டது. ஊர்க்காரர்கள் இரண்டு பகுதிக்கும் வெளியே.

நாவலின் நாயகன் சிலிந்து, பெத்தகம என்ற காட்டுக் கிராமத்து வேட்டைக்காரன். ஊர் அவனைக் கிறுக்கன் என்கிறது. கையில் வாய்வழி நிரப்பும் நீளத் துப்பாக்கி. சிலிந்து நல்லவன் கிடையாது. பிறந்தது இரண்டும் பெண் என்று பிரசவித்த மனைவியை அடித்தவன், அவள் செத்துப்போகிறாள். பிறகு அதே பெண்களுக்குக் காட்டின் கதைகளைச் சொல்லி வளர்க்கிறான். இந்த முரணை வுல்ஃப் மறைப்பதில்லை. நாவலின் முதல் பலம் அது.

இரண்டாவது பலம் ஒரு மான்குட்டி. சிலிந்துவின் மகள் ஹின்னிஹாமிக்குக் குழந்தை பிறந்திருக்கும் நேரத்தில் காட்டிலிருந்து ஒரு மான்குட்டி வீட்டுக்கு வருகிறது. அவள் தன் குழந்தைக்கும் அதற்கும் சேர்த்துப் பாலூட்டுகிறாள். அதற்கு ஒரு பெயரும் வைக்கிறாள், புஞ்சி அப்பு. ஊரில் நோய் வருகிறது, அவளுடைய குழந்தை சாகிறது, பழி மான்குட்டி மேல் விழுகிறது. ஊர் கூடிக் கல்லால் அடித்தே அதைக் கொல்கிறது. அவளும் பிழைப்பதில்லை.

இந்தப் பகுதியை எத்தனை முறை படித்தாலும் என்னால் சாதாரணமாகக் கடக்க முடியவில்லை. மான் அடிக்கும் வீடு அது. அந்த வீட்டில்தான் மானுக்குப் பாலும் கிடைக்கிறது. மானைச் சுடாத ஊர்தான் அதைக் கல்லால் அடிக்கிறது. வேட்டைக்காரனின் வீட்டில் மிருகத்துக்கு ஓர் இடம் இருக்கிறது, பெயர் இருக்கிறது, உறவு இருக்கிறது என்று வுல்ஃப் காட்டிவிடுகிறார். விளக்கம் எதுவும் சொல்லாமலே. கார்பெட்டிடமும் ஆண்டர்சனிடமும் எனக்குக் கிடைக்காதது இதுதான்.

பிறகு கதை இறுகுகிறது. ஊர்த் தலைவன் பாபெஹாமி, நகரத்திலிருந்து வந்த கடன்காரன் ஃபெர்னாண்டோ. ஃபெர்னாண்டோவின் கண் சிலிந்துவின் இன்னொரு மகள் புஞ்சி மெனிகா மேல். அவள் கணவன் பாபுன். வழி விடாததால் சேனைப் பயிருக்கு அனுமதி மறுக்கப்படுகிறது. பிறகு பொய்த் திருட்டு வழக்கு. பாபுன் சிறைக்குப் போகிறான். சிலிந்து விடுவிக்கப்படுகிறான். நீதிபதி நல்லவர்தான், நடந்த அநியாயத்தை அவர் மங்கலாக உணர்கிறார், ஆனால் காகிதத்தில் எல்லாம் சரியாக இருக்கிறது. அப்போதுதான் சிலிந்துவுக்குப் புரிகிறது: இத்தனை நாளும் வேட்டையாடப்பட்டது தான்தான் என்று. துப்பாக்கியை எடுக்கிறான். தலைவனைச் சுட்டுக் கொல்கிறான். பிறகு ஃபெர்னாண்டோவை. பிறகு தானாகவே நடந்துபோய்ச் சரணடைகிறான்.

ஏன் செய்தான் என்பதற்கு நாவல் கையில் கொடுக்கும் உருவகம் எருமை. காயம்பட்ட கிழட்டுக் காட்டெருமை துரத்தித் துரத்தி அடிக்கப்பட்டு, ஒரு கட்டத்தில் திரும்பி வேட்டைக்காரர்கள் மேல் பாயும். சிலிந்துவே தன்னை அப்படித்தான் சொல்லிக்கொள்கிறான். விமர்சகர்களும் காலனிய எழுத்தில் இப்படி ஒரு பரிவு அபூர்வம் என்று இந்த உருவகத்தைப் பாராட்டுவதுண்டு.

இங்கேதான் எனக்கு வுல்ஃபோடு சண்டை.

அந்தத் துப்பாக்கி வாய்வழி நிரப்பும் துப்பாக்கி. முதல் கொலைக்கும் இரண்டாவது கொலைக்கும் நடுவில் அது மறுபடி நிரப்பப்பட்டாக வேண்டும். மருந்தை அளந்து போட வேண்டும். அடைக்க வேண்டும். கம்பியை எடுத்து இடிக்க வேண்டும். குண்டு. மறுபடி அடைப்பு. கேப்பு. பிறகு அடுத்தவன் இருக்கும் இடத்துக்கு நடக்க வேண்டும். கோபத்தில் கை நடுங்கினால் மருந்து சிந்தும். வெறியில் இருப்பவனால் இதைச் செய்ய முடியாது. ஓர் உயிர் போயிருக்கிறது. அதை முழுசாகப் பார்த்துவிட்டு, இன்னொன்றும் போக வேண்டும் என்று முடிவெடுத்த ஒருவனால்தான் முடியும்.

எருமைக்கு மருந்து கெட்டிக்கத் தெரியாது.

வுல்ஃப் தேர்ந்தெடுத்த கருவியே அவருடைய உருவகத்தைப் பொய்யாக்குகிறது. எருமையின் பாய்ச்சல் இயல்பூக்கம். சிலிந்து செய்தது தீர்ப்பு. சரியான தீர்ப்பா என்பது வேறு கேள்வி, கொலை கொலைதான். ஆனால் அது ஒரு மனிதனின் யோசனையிலிருந்து வந்தது. நீதிமன்றத்தில் நடந்ததைப் பார்த்துவிட்டு, இந்த நீதிமன்றத்தில் தனக்கு எதுவும் கிடைக்காது என்று புரிந்துகொண்ட ஒருவனின் வாதம் அது. வுல்ஃப் அந்த வாதத்தின் அருகில் போய்விட்டு, அதை மிருகக் கதையாக மாற்றிவிடுகிறார். ஏனென்றால் அதை வாதமாக ஒத்துக்கொண்டால், எதிரே உட்கார்ந்திருக்கும் வெள்ளைக்கார நீதிபதி பதில் சொல்ல வேண்டியிருக்கும். அந்த நாற்காலியில் வுல்ஃபே மூன்று வருஷம் உட்கார்ந்திருந்தவர். எருமைக்குப் பரிவு காட்டினால் போதும். மனிதனுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

இதை எழுதும்போது வுல்ஃபைக் குறைத்துச் சொல்கிறேன் என்று தோன்றலாம். அப்படியில்லை. இந்தக் கேள்வியைக் கேட்கத் தேவையான எல்லாவற்றையும் அவரே கொடுத்திருக்கிறார். மான்குட்டியைக் கொடுத்தார், துப்பாக்கியைக் கொடுத்தார், நடுவில் இருக்கும் அந்த நேரத்தையும் கொடுத்தார். கதை ஆசிரியரைத் தாண்டிப் போய்விட்டது. நல்ல நாவலுக்கு அது நடக்கும்.

6

தமிழில் என்ன இருக்கிறது? அ. பாலமனோகரனின் 'நிலக்கிளி' 1973இல் வந்தது. வன்னியில் தண்ணிமுறிப்பு என்ற இடம். கதிராமன் என்ற இளைஞனுக்குக் காடும் வேட்டையும் மூச்சு மாதிரி. அந்த நாவலில் வேட்டை குற்றமாகவோ சாகசமாகவோ வருவதில்லை, வயல் வேலை மாதிரி ஓர் அன்றாடமாக வருகிறது. நாவலின் நெருக்கடி காதலிலும் நம்பிக்கையிலும் இருக்கிறது, துப்பாக்கியில் இல்லை. எனக்கு அது பெரிய ஆறுதல். வேட்டைக்காரனை வேட்டையை வைத்து மட்டும் அளக்காத தமிழ் நாவல் ஐம்பது வருஷத்துக்கு முன்பே இருந்திருக்கிறது.

நம் பக்கத்தில் லக்ஷ்மி சரவணகுமாரின் 'கானகன்', 2016இல் யுவ புரஸ்கார் வாங்கியது. வேட்டைக்காரன் தங்கப்பனையும் காட்டை வேறு மாதிரி பார்க்கும் வாசியையும் எதிரெதிரே நிறுத்துகிறது. வேகமான, ரத்தச்சூடான நாவல். ஆனால் கொல்பவன் ஒரு பக்கம், காட்டை நேசிப்பவன் இன்னொரு பக்கம் என்ற பிரிப்பு எனக்குப் போதவில்லை. ஹின்னிஹாமியின் வீட்டில் இரண்டும் ஒரே கூரைக்குக் கீழே இருந்தன. கஷ்டமான உண்மை அதுதான்.

இன்னும் எழுதப்படாத ஒன்றும் இருக்கிறது. ஸ்டேஷன் பெரியவரின் சமூகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். துப்பாக்கியும் கண்ணியும் வைத்துப் பறவை பிடித்து வாழ்ந்தவர்கள். 1972க்குப் பிறகு அவர்களுடைய தொழில் அடியோடு குற்றமானது. பழங்குடிப் பட்டியலில் அவர்களைச் சேர்க்கும் மசோதா நாடாளுமன்றத்தில் நிறைவேறியது 2022 டிசம்பரில். நடுவில் 50 வருஷம். தொழிலைச் சட்டம் ஒரே நாளில் எடுத்துக்கொண்டது, அடையாளத்தைத் தர அரை நூற்றாண்டு எடுத்துக்கொண்டது. தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்து மலைக்கிராமங்களில் அவ்வப்போது அறிவிப்பு வரும்: உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கிகளைத் தாங்களாகவே ஒப்படைத்தால் வழக்கு இல்லை. ஒரு வீட்டின் மூலையில் அப்பா காலத்திலிருந்து சாத்தி வைத்திருந்த ஒன்றை, விடிகாலையில் ஊர்ப் பொதுவிடத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டு ஒருவன் திரும்பி நடக்கிறான். அது எத்தனை பெரிய சிறுகதை! தமிழில் அதற்கும் நாலு வரிச் செய்திதான் இருக்கிறது.

மானைச் சுட அனுமதிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. 1991 திருத்தம் சரியானது. கிண்டியில் கம்பிவேலிக்குள் நிற்கிற வெளிமானைப் பார்த்தாலே போதும், எவ்வளவு குறைவாக மிச்சம் வைத்திருக்கிறோம் என்று புரியும். துப்பாக்கிகள் அந்தக் குவியலில் சேரட்டும். ஆனால் சட்டம் ஒருவன் கையிலிருந்து துப்பாக்கியை வாங்கலாம். அதோடு சேர்த்து அவனுக்குள் நடந்ததையும் வாங்கிக்கொண்டு போக இலக்கியம் உதவக் கூடாது. இருட்டில், தண்ணீர்க்கரையில், ஒரே ஒரு குண்டோடு உட்கார்ந்திருந்தவனைப் போல மிருகத்தை உற்றுப் பார்த்தவர்கள் அதிகம் பேர் கிடையாது. அவன் பார்த்தது என்ன என்று எழுதப்படாதவரை, நம்மிடம் இருப்பது பாதி வேட்டை இலக்கியம்தான்.

அந்த நாவலை எழுதப்போகிறவர் யாராவது இதைப் படித்தால் ஒரே ஒரு வேண்டுகோள். துப்பாக்கி வெடிக்கும் வரியை எவ்வளவு சின்னதாக வேண்டுமானாலும் எழுதுங்கள். நிரப்புகிற பத்தியை மட்டும் அவசரப்படாமல் எழுதுங்கள்.